முதல் அடி நம் காலில்தான்



இம்மாதம் ஒரு கேள்வியுடன் தொடங்குகின்றேன். நேற்றிரவு உறங்கப் போகுமுன் நீங்கள் என்னென்ன கணக்குப் பார்த்தீர்கள்? கடை வைத்திருப்பவர் கல்லாப்பெட்டியை எண்ணியிருப்பார். தோட்டம் வைத்திருப்பவர் திராட்சைக்கு மருந்தடித்த ஆள்கூலியைக் குறித்திருப்பார். வீட்டிலுள்ள பெண்மணி பால்காரருக்குத் தர வேண்டிய பாக்கியை நினைத்துப் பார்த்திருப்பார். ஆனால் அன்றைய பகலில் எத்தனை பேரை நாவினால் சுட்டோம், எத்தனை முறை கை ஓங்கினோம் என்னும் கணக்கை நம்முள் எத்தனை பேர் பார்த்திருப்போம்?

பிறரை விடுங்கள், நான் பார்த்ததில்லை. பலசரக்குக் கடையில் ஒரு ரூபாய் குறைந்தாலும் மறுபடி மறுபடி எண்ணிப் பார்க்கும் நான், 46 வயது வரை இந்தக் கணக்கை ஒரு நாளும் பார்த்ததில்லை. அதனை எனக்குக் கற்றுத் தந்தது ஒரு மூங்கில் கம்பு. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

திடலுக்குப் போன கதை

எங்கள் ஊர் உத்தமபாளையம். முல்லைப் பெரியாற்றின் கரையில், தென்னந்தோப்பை ஒட்டி ஒரு சிறு திடல் இருக்கிறது. விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் மலையை நோக்கி விரைந்து கொண்டிருக்கும் வேளையில், அத்திடலில் இருபது முப்பது பிள்ளைகள் கம்பு சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஸுபுஹுத் தொழுகை முடிந்து வரும்போது பல நாள் அவர்களைப் பார்த்திருக்கிறேன். நின்று கவனித்ததில்லை.

என் மூத்த மகனுக்கு அப்போது 12 வயது. பள்ளிவிட்டு வந்தால் கைப்பேசியே கதி என்று கிடந்தான். "அவனை எங்கேயாவது ஓடியாட விடுங்க" என்று என் மனைவி பலமுறை சொன்ன பிறகு, அவனைச் சிலம்பத்தில் சேர்த்துவிட்டேன். அவனை விட்டுவிட்டு வரப்பில் அமர்ந்திருப்பேன். வாத்தியார் அறுபது வயதைக் கடந்தவர். வாழைத்தோட்டங்களில் தார் வெட்டும் வேலை பார்ப்பவர். ஒரு வாரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் அருகே வந்தார்.

"சும்மா உட்கார்ந்து கொட்டாவி விடுறதுக்கு, நீங்களும் ஒரு கம்பைப் பிடிங்க, ராவுத்தரே!"

சர்க்கரை கூடியிருப்பதால் தினமும் நடக்கும்படி மருத்துவர் கூறியிருந்தார். நடப்பதற்குப் பதில் இதுவாகட்டும் என்று எழுந்தேன். அதற்குமேல் பெரிய எண்ணம் ஏதும் எனக்கு இல்லை.

கம்பின் பாடம்

சிலம்பம் என்றால் கம்பை விர்ரென்று சுழற்றுவது என்று நான் நினைத்திருந்தேன். முதல் மூன்று வாரங்கள் என் கையில் கம்பே தரப்படவில்லை. காலடி வரிசை மட்டும்தான். முன்னே வைக்கும் அடி, பின்னே வாங்கும் அடி, பக்கவாட்டில் நகரும் அடி, திரும்பும் அடி. கை என்ன செய்தாலும் கால் சரியான இடத்தில் இல்லாவிட்டால் எல்லாம் வீண் என்பது இக்கலையின் அடிப்படை. ஊரில் நாலு பேர் சலாம் சொல்லும் மனிதன் நான். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, "மாமா, இடது காலை முன்னால வைக்கணும்" என்று என்னைத் திருத்தினாள். உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆயினும் அவள் சொன்னதே சரி.

பின்னர் கம்பு வந்தது. நிமிர்ந்து நின்றால் நம் நெற்றியளவு உயரம் இருக்க வேண்டும். ஆளுக்கு ஆள் அளவு மாறும். ஆட்டம் தொடங்குமுன் செலுத்தும் மரியாதைக்குச் சிலம்பத்தில் 'சலாம் வரிசை' என்று பெயர். பல ஊர்களிலும் இச்சொல் வழக்கில் உள்ளது. குதிரைவீரனைக் குறிக்கும் ராவுத்தர் என்ற சொல்லைப் பெயராகச் சுமந்து திரியும் நமக்கு, தமிழர் போர்க்கலையின் முதல் பாடமே சலாம் என்று அறிய மகிழ்ச்சியாக இருந்தது.

அந்த மகிழ்ச்சி ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. கம்பைச் சுழற்றியவுடன் அது என் முழங்காலுக்குக் கீழே எலும்பில் 'டக்' என்று பட்டது. மறுமுறை கணுக்காலில். அதற்கடுத்த முறை காதோரத்தில். பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை.

"எல்லாருக்கும் முதல் அடி தன் காலில்தான் விழும், ராவுத்தரே. அதுக்கப்புறம்தான் அடுத்தவன் காலு" என்றார்.

நாளடைவில் ஒன்றைக் கவனித்தேன். முந்தின நாள் கடையில் கடன்காரரோடு சச்சரவு நடந்திருந்தாலோ, சரக்கு வர தாமதமாகி மனம் கொதித்திருந்தாலோ, மறுநாள் காலையில் என் காலில் அடி அதிகமாக விழும். காரணம் எளிது. கோபம் கைக்கு வந்தால் பிடி இறுகும். பிடி இறுகினால் மணிக்கட்டு இளகாது. கம்பு சுழலாமல் முரண்டும். மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடும். அவசரத்தில் கால் ஒரு கணம் பிந்தும், கம்பு முந்தும். அந்த ஒரு கண இடைவெளியில்தான் அடி. பிடியைத் தளர்த்திவிட்டாலோ கம்பு நழுவிப் பறந்துவிடும். இறுக்கமும் இல்லாத, தளர்வும் இல்லாத அந்த நடுப்பிடியைக் கண்டுகொள்ள எனக்கு நான்கு மாதங்கள் ஆயின.

கோபத்தில் இருக்கும்போது 'நான் கோபத்தில் இருக்கிறேன்' என்று நமக்குத் தெரிவதில்லை. நம் பக்கம் நியாயம் இருப்பதாகவே தோன்றும். வீட்டார் சொன்னால் எதிர்த்துப் பேசுவோம். கம்போடு எதிர்த்துப் பேச முடியவில்லை. காலில் வீக்கம் இருந்தது.

அந்த ஒரு காலை

ஐந்தாம் மாதத்தில் எதிரெதிர் நின்று ஆடத் தொடங்கினோம். ஒருவர் அடிக்க, மற்றவர் தடுக்க வேண்டும். போட்டிகளிலும் மேலில் தொட்டால் புள்ளி. ஆளை நொறுக்குவதற்கு அங்கே பரிசில்லை. என் மகன் அதற்குள் நன்றாகத் தேறியிருந்தான். தன்னைவிட உயரமான கல்லூரி மாணவர்கள் வேகமாக வீசினாலும் கண்ணிமைக்காமல் தடுப்பான். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஆனி மாதக் காற்று மேற்கு மலையிலிருந்து இறங்கித் தென்னை மட்டைகளை உலுக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், வாத்தியார் என்னையும் என் மகனையும் எதிரெதிரே நிறுத்தினார். சலாம் செய்தோம். தலைக்கு மேல் கம்பை உயர்த்தி அடிப்பது என் முறை. கற்றுக்கொடுத்தபடி மெதுவாகத்தான் உயர்த்தினேன்.

அவன் கம்பைக் கீழே போட்டுவிட்டான். இரு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு, கண்களை இறுக மூடி, தோள்களைக் குறுக்கிக்கொண்டு நின்றான்.

திடலில் ஒருவரும் சிரிக்கவில்லை. சகோதரர்களே, அந்த நிற்கும் கோலம் எனக்குப் புதியதன்று. எங்கள் வீட்டு அடுக்களைச் சுவரோரம், கடையின் அரிசி மூட்டைகளுக்கு நடுவே, மதிப்பெண் பட்டியல் வந்த நாட்களில் அதனை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் நான் கோபத்தில் இருந்தேன், பார்த்தும் பார்க்கவில்லை. முதன்முறையாகக் கோபமே இல்லாத ஒரு நேரத்தில் அதனைக் கண்டேன். மற்றவர்களின் கம்புக்கு அஞ்சாத என் பிள்ளை, என் கைக்கு அஞ்சினான்.

வாத்தியார் ஒன்றும் விசாரிக்கவில்லை. கீழே கிடந்த கம்பை எடுத்து அவன் கையில் கொடுத்தார். என்னிடம், "ராவுத்தரே, நீங்க அடிக்க வேண்டாம். ஒரு மாசத்துக்கு நீங்க தடுத்தால் போதும். தம்பி அடிக்கட்டும்" என்றார்.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு என் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு சொன்னார்: "நீங்க கடையை அடைச்சுட்டு வர்ற வண்டிச் சத்தம் கேட்டதும் பிள்ளைங்க புத்தகத்தை விரிச்சு வச்சுக்குவாங்களே, அது படிப்பு மேல உள்ள ஆசைன்னா நினைச்சுட்டு இருந்தீங்க?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

யார் வலிமையுள்ளவர்?

பிறரை மல்யுத்தத்தில் வீழ்த்துபவரைவிட, கோபம் வரும் வேளையில் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக் கொள்பவரே உண்மையான வலிமையுடையவர் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய நபிமொழி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. ஜும்ஆ பயான்களில் நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! நானும் தலையசைத்துக் கேட்டவன்தான். மல்யுத்தம் செய்பவர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரை அது, பலசரக்குக் கடைக்காரனுக்கு என்ன என்று என் உள்மனம் ஒதுக்கி வைத்திருந்தது போலும்.

மவ்லானா ரூமி அவர்கள் மஸ்னவியில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார்கள். போர்க்களத்தில் அலி (ரலி) அவர்கள் ஓர் எதிரியை வீழ்த்திவிட்டார்கள். வாளை ஓங்கும் நேரத்தில் அந்த எதிரி அவர்களது முகத்தில் உமிழ்ந்துவிட்டான். உடனே அலி (ரலி) அவர்கள் வாளைத் தாழ்த்தி விலகிக்கொண்டார்கள். திகைத்துப்போன எதிரி காரணம் கேட்டான். அதுவரை இறைவனுக்காகப் போரிட்டதாகவும், அவன் உமிழ்ந்தபின் தம் சொந்தக் கோபமும் அதில் கலந்துவிட்டதாகவும், ஆகவே கையை நிறுத்தியதாகவும் அவர்கள் விளக்கினார்கள் என்பது அக்கதையின் சாரம்.

இதனை நம் வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். பிள்ளையின் நன்மைக்காகக் கண்டிக்கிறோம் என்கிறோம். உண்மையில் முதல் சொல் மட்டுமே அவன் நன்மைக்காக. அவன் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதும், அல்லது விருந்தாளிகள் முன்னிலையில் நம் மதிப்புக் குறைந்ததும், அதன் பிறகு விழும் அடிகள் யாருக்காக? அந்த இடத்தில் கையை நிறுத்தத் தெரிந்தவரே வீரர்.

உலகம் அறிந்த இன்னொரு வீரரையும் நினைத்துப் பார்ப்போம். குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலி 1980-இல் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சி ஆட்டம் ஆடியதை நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் இன்றும் சொல்லி மகிழ்வர். அவர் அந்தக் கலைக்குள் நுழைந்ததே கோபத்தினால்தான். 1954-இல், 12 வயதுச் சிறுவனாக இருந்தபோது, அமெரிக்காவின் லூயிவில் நகரில் அவருடைய சைக்கிள் திருடு போயிற்று. திருடனை அடித்து நொறுக்கப் போவதாக அழுதுகொண்டே சொன்ன சிறுவனிடம், ஜோ மார்ட்டின் என்ற காவலர், முதலில் சண்டையிடக் கற்றுக்கொள்ளும்படி கூறித் தம் பயிற்சிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார். திருடன் அகப்படவில்லை. அச்சிறுவனோ 1960-இல் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 1964-இல் உலகப் பட்டம் பெற்றார்.

அவ்வளவு பெரிய வீரருக்கும் நா அடங்காத பருவம் ஒன்றிருந்தது. ஜோ ஃபிரேசியர் என்ற சக வீரரைப் போட்டிகளுக்கு முன் மிகக் கேவலமாகப் பேசினார். ஃபிரேசியரின் மனத்தில் அக்காயம் பல்லாண்டுகள் ஆறாமலிருந்தது. 2001-இல், நடுக்குவாத நோயால் உடல் தளர்ந்திருந்த நிலையில், அவ்வாறு பேசியது தவறு என்று முஹம்மது அலி பத்திரிகை வாயிலாக வருத்தம் தெரிவித்தார். மணிலாவில் 1975-இல் நடந்த கடைசி மோதலுக்கும் இந்த வருத்தத்திற்கும் இடையே 26 ஆண்டுகள்! வளையத்துக்குள் பட்ட அடி சில வாரங்களில் ஆறிவிட்டது. நாவினால் அடித்த அடிதான் இத்தனை காலம் எடுத்தது. நமக்கு அத்தனை ஆண்டுகள் கிடைக்கும் என்று யார் உறுதி கூற முடியும்?

தடுத்த மாதம்

வாத்தியார் விதித்தபடி ஒரு மாதம் நான் தடுக்க மட்டும் செய்தேன். முதல் நாள் என் மகன் கம்பால் தொடவே தயங்கினான். மூன்றாம் நாள் மெல்ல அடித்தான். பத்தாம் நாள் உண்மையாகவே அடித்தான். என் விரல் நகம் கறுத்துப்போயிற்று. "அத்தா, வலிக்குதா?" என்று ஓடிவந்தான். வலித்தது. ஆனால் அவன் அப்படி என்னருகே ஓடிவந்து பல காலமாகியிருந்தது.

தடுப்பவன் எதிரில் நிற்பவரின் கண்ணையும் தோளையும் விடாமல் பார்க்க வேண்டும். கம்பைப் பார்த்தால் காலம் கடந்துவிடும். ஆகவே தினமும் அரைமணி நேரம் என் மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பதற்கு முன் அவன் கீழுதட்டைக் கடிக்கிறான். மறைந்த என் அத்தாவுக்கும் அதே பழக்கம் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. என் அத்தாவும் என்னை அடித்து வளர்த்தவர்தாம். அவருடைய அத்தா அவரை. மூன்று தலைமுறையாகக் கைமாறி வந்த சொத்தைப் போல இதனையும் நாங்கள் வைத்திருந்திருக்கிறோம். யாராவது ஒருவர் ஓரிடத்தில் நிறுத்த வேண்டும் அல்லவா?

கோபத்தை அடியோடு பிடுங்கி எறிந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். நம் பள்ளத்தாக்குக்கு ஒரு பாடம் உண்டு. பெரியாற்று நீர் ஒரு காலத்தில் மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்தது. பென்னிகுவிக் தலைமையில் அணை எழுப்பப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 1895-இல் அந்நீர் கிழக்கே திருப்பப்பட்டது. இன்று கம்பம் முதல் மதுரை வரை நெல் விளைவது அதனால்தான். ஆற்றின் வேகத்தை எவரும் அழிக்கவில்லை, திசையைத்தான் மாற்றினார்கள். அதுவும் ஒரு நாளில் ஆகவில்லை. வேலை நடந்த காலத்தில் வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போனதும் உண்டு, மறுபடி கட்டினார்கள். மனிதனின் சுபாவமும் அப்படித்தான். இன்று கட்டுவதை நாளை ஒரு வெள்ளம் அடித்துப் போகலாம். மறுநாள் காலை மீண்டும் திடலுக்குப் போக வேண்டும்.

பெற்றோர் கவனத்திற்கு

இதைப் படிக்கும் சிலர் தங்கள் பிள்ளைகளைச் சிலம்பத்திலோ, கராத்தேயிலோ சேர்க்க எண்ணலாம். நல்லதே. சிலம்பத்துக்கு இன்று மதிப்பும் கூடியிருக்கிறது. 2021-இல் தமிழக அரசு, அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பெண் பிள்ளைகளும் ஆர்வத்தோடு கற்கிறார்கள். அடக்கமான உடையில், பெற்றோர் பார்வையில், தாராளமாகக் கற்கலாம்; உடலுக்கு உறுதியும் மனத்துக்குத் துணிவும் பெண்ணுக்கும் வேண்டியவையே. என் மகளும் இப்போது காலடி வரிசை பழகுகிறாள்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கம்பு தானாக யாரையும் நல்லவனாக்கிவிடாது. நாலு வரிசை கற்றதும் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சண்டைக்கு அலையும் இளைஞர்களையும் நாம் பார்க்கிறோம். ஆகவே சேர்ப்பதற்கு முன் இரண்டு மூன்று நாட்கள் திடலுக்குச் சென்று பாருங்கள். வாத்தியார் தோற்ற பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார்? வென்ற பிள்ளை ஆணவம் கொண்டால் கண்டிக்கிறாரா? பழகும்போது முகத்தில் அடிபடாமல் பார்த்துக்கொள்கிறாரா? சிறுவர்களை வசைபாடியும் அடித்தும் கற்பிக்கும் இடமாயின், அங்கே கற்பது நாம் ஒழிக்க விரும்பும் அதே குணத்தைத்தான். கராத்தேயை ஜப்பானில் பரப்பிய ஃபுனாகோஷி ஒரு பள்ளி ஆசிரியர். மரியாதையில் தொடங்கி மரியாதையில் முடிவதே அக்கலை என்றும், முதல் தாக்குதல் நம்முடையதாக இருக்கலாகாது என்றும் அவர் தம் மாணவர்களுக்குப் போதித்தார். எந்தக் கலையானாலும் இந்த அளவுகோல் போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையைச் சேர்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருக்காதீர்கள். உடல் இடங்கொடுத்தால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, நீங்களும் ஒரு கம்பைப் பிடியுங்கள். பிள்ளைகளின் முன்னால் தடுமாறுங்கள்; அவர்கள் திருத்தினால் திருத்திக்கொள்ளுங்கள். தன் தகப்பனும் கற்றுக்கொண்டிருப்பவர்தான் என்று பிள்ளை அறிவது ஒரு பெரும் நன்மை.

இன்றைய கணக்கு

சென்ற மாதம் ஒரு நாள். கடையில் என் மகன் கடலை எண்ணெய் டின்னைக் கைநழுவவிட்டான். பதினைந்து லிட்டரும் தரையில் ஓடிற்று. வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். என் கை மேலே எழுந்துவிட்டது. ஆம், எழுந்துவிட்டது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் பிடி இறுகுவதை இம்முறை நான் உணர்ந்தேன். மூச்சு மேல்நெஞ்சில் நிற்பதை உணர்ந்தேன். ஓங்கிய கையால் பக்கத்திலிருந்த கோணிச்சாக்கை எடுத்து எண்ணெய்மேல் போட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும் என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது எவ்வளவு நடைமுறைக்கேற்றது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

என் கை எழுந்த அந்தக் கணத்தில் என் மகன் ஓர் அடி பின்வாங்கினான். கண்களை மூடவில்லை, தலையைப் பொத்தவில்லை. பின்வாங்கிய அந்த அடி பயத்தின் அடியா, வாத்தியார் கற்றுக்கொடுத்த காலடியா என்பது எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதாக இருக்க வேண்டும் என்று இறைவனிடம் கேட்கிறேன்.

அன்றிரவு கல்லாவை எண்ணி முடித்தபின் அவனை அருகே அழைத்தேன். இத்தனை ஆண்டுகள் அடித்ததற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் என்ன சொல்வதென்று தெரியாமல் கால்விரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாளைக்கு நீங்களும் அடிங்க அத்தா, நான் தடுக்கிறேன்" என்றான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போர்க்களத்தில் அல்லாமல் வேறெங்கும் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளரையும் தம் கரத்தால் அடித்ததேயில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சாட்சியம் கூறியிருப்பது முஸ்லிம் நூலில் உள்ளது. படைநடத்திய கரம் அது. வீட்டுக்குள் அது எவர் மீதும் ஓங்கவில்லை. நம் கரங்களோ எந்தப் போரையும் கண்டதில்லை. வீட்டுக்குள் மட்டும் ஓங்குகின்றன. இந்த வேறுபாட்டைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

மறுமையில் கணக்குக் கேட்கப்படும் முன்னர் தம்மைத் தாமே கணக்குப் பார்த்துக்கொள்ளும்படி உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாகக் கூறப்படுகிறது. இன்றிரவு கல்லாவை எண்ணும்போதோ, பால் கணக்கு எழுதும்போதோ, இன்னொரு வரியையும் மனத்துக்குள் எழுதிப் பாருங்கள். இன்று நம்மைக் கண்டு யார் முகம் மலர்ந்தது? யார் முகம் சுருங்கியது? விடை உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டில் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும்.

கையையும் நாவையும் அடக்கும் வலிமையை வல்ல நாயன் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.